பலூன்காரர் சார்லஸ்

வால்பாறை கூழாங்கல் ஆத்துல லாரி டியூபைப் போட்டு மிதப்போமே, வெயிலில் விண்ணென்று இருந்தது தண்ணீரில் தொளதொளன்னு ஆயிடும். ஓட்டை இல்லை, உள்ளே காற்று குளிர்ந்து அழுத்தம் இறங்கியிருக்கும். அப்போதெல்லாம் எனக்கு ஜாக் சார்லஸ் ஞாபகம்தான்.

1746-இல் பிரான்சில் பிறந்தவர். 1783 ஆகஸ்டில் இவர் விட்ட ஆளில்லா ஹைட்ரஜன் பலூன் ஒரு கிராமத்தில் இறங்க, மிரண்டுபோன ஜனங்கள் அதைக் குத்திக் கிழித்துவிட்டார்கள்! மனுஷன் அசரலை. டிசம்பர் 1-ஆம் தேதி தானே ஏறினார். வாயு விரிந்து பை வெடிக்காமலிருக்க அடியில் திறப்பு, உச்சியில் வால்வு. அன்றே மறுபடி தனியாகச் சுமார் 3000 மீட்டர் போனவருக்குக் காதுவலி பொறுக்கவில்லை. அப்புறம் பறக்கவே இல்லை.

1787 வாக்கில், சூடேறினால் வாயுக்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் விரிவதைக் கண்டார். (விரிய இடமில்லாத டியூபில் அது அழுத்தமாக ஏறும், 27 டிகிரியில், ஒரு டிகிரிக்கு முழு அழுத்தத்தில் 300-ல் ஒரு பங்கு.) ஏனோ அச்சில் போடவில்லை. 1802-இல் கே-லுசாக் அதே விதியை வெளியிட்டபோது, சார்லஸ் முன்பே கண்டதையும் சேர்த்தே எழுதினார். மறைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? 1823-இல் சார்லஸ் காலமானார். நம்ம ஃபிசிக்ஸ் நோட்டில் இருப்பது சார்லஸ் விதி.