பையன்களைப் பாட வைத்த சுவாமிகள்

பர்கூர்ப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழா வந்தால் விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். பாரதக் கதையைப் பாடியே ஆடுவார்கள். கூத்துக்காரர் குரல் ஊர்க்கோடி வரை கேட்கும். கச்சேரி வித்வான் அப்படிப் பாடுவாரா? மாட்டார். அவருக்கு ராகம் பெரிது. கூத்துக்காரருக்குக் கதை பெரிது.

இந்த இரண்டையும் ஒரே தொண்டையில் சேர்த்துக் காட்டிய ஆசிரியர் ஒருவர் தென்பாண்டிச் சீமையில் பிறந்தார். அவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள்.

பிறந்த ஆண்டு 1867. ஊர், தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டி. பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். உப்புப் பண்டகசாலையில் கொஞ்ச நாள் கணக்கு எழுதினார். மனம் அதில் ஒட்டவில்லை. நாடகத்துக்குப் போய்விட்டார்.

எமன், இரணியன், சனீசுவரன் என்று பயங்கர வேடங்களே அவருக்குக் கிடைத்தன. கம்பீரமான உருவம், இடி போன்ற குரல். அவருடைய எம வேடத்தைக் கண்டு ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டதாம். அந்தத் துயரம் தாளாமல் வேடம் போடுவதையே அவர் விட்டுவிட்டார் என்று சொல்வார்கள். காவி உடுத்தினார். பிறகுதான் ஆசிரியர் ஆனார்.

புதுக்கோட்டையில் மான்பூண்டியா பிள்ளை என்ற மேதை இருந்தார். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றியவர் அவர். சுவாமிகளைத் தம் பிள்ளை போல வைத்துக்கொண்டு தாள நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்தார். சுவாமிகளின் பாட்டில் சொல்லும் தாளமும் பிசகாமல் நடப்பது அந்தப் பாடத்தின் பலன்.

அந்தக் காலத்து நடிகர்கள் சும்மா இருந்தார்களா? மேடையிலேயே பாட்டுப் போட்டி! ஒருவர் பாடினால் அடுத்தவர் அவரை மட்டம் தட்டப் பாடுவார். கதை எங்கேயோ போய்விடும். சுவாமிகள் பார்த்தார். பெரியவர்களைத் திருத்துவதை விடச் சிறுவர்களுக்குக் கற்பிப்பது மேல் என்று தீர்மானித்தார்.

1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். பின்னாளில் தமிழ்நாட்டையே மயக்கிய கிட்டப்பா அங்கே பயின்றவர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை பிறந்தது. அதில் சேர்ந்த சிறுவர்களில் டி. கே. சண்முகமும் ஒருவர். வயது ஆறு! அந்தப் பிள்ளைக்காகவே சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதி முடித்தார்.

பையன்களுக்குப் பாடம் எளிதல்ல. ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவர் காதிலும் ஒவ்வொரு சொல்லும் விழ வேண்டும். ஆர்மோனியத்தின் உச்ச சுருதிக்குத் தொண்டை போக வேண்டும். ராகம் கெடக் கூடாது. அழுகிற கட்டத்தில் பாட்டும் அழ வேண்டும். கீர்த்தனை போன்ற பாட்டும் உண்டு. சிந்தும் கும்மியும் உண்டு. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர் எல்லோரும் சங்கீதம் படித்தவர் அல்லவே!

பெண் வேடமும் பையன்களுக்குத்தான். ஆனால் பதினான்கு, பதினைந்து வயதில் குரல் உடையும். மகரக்கட்டு என்பார்கள். நேற்று வரை கதாநாயகியாகப் பாடிய பையன் இன்று வாய் திறக்க முடியாது. வேடம் போய்விடும். சில பேருக்குக் குரல் திரும்பவே இல்லை. பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து ஊர் ஊராகக் கொண்டு போனது சரிதானா என்று இன்றைக்கு நாம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

1921-ல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று. எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல் சொல்லாகப் பாடம் சொன்ன வாய் அது! நாடகங்கள் நிற்கவில்லை. அவர் எழுதிய பாட்டுகளைப் பையன்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

1922 நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார். அப்போது சண்முகத்துக்குப் பத்து வயது.