பழைய வண்டியும் ஒரு பாடப்புத்தகமே: ஜி.டி. நாயுடு வாழ்வில் நான் படித்தது



நம்ம குண்டடத்தில் இருந்து கோவைக்குப் பஸ் ஏறினால் பல்லடம் தாண்டி சூலூர் வரும். சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு சிற்றூர். அந்த ஊரில் 1893 மார்ச் 23 அன்று ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்தான் கோபால்சாமி துரைசாமி நாயுடு. ஊரும் உலகமும் அவரை ஜி.டி. நாயுடு என்றே அறியும். 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலம் ஒன்று திறந்தார்களே, அதற்கு வைத்திருப்பது இவர் பெயரைத்தான். அந்தப் பாலத்தில் நிமிஷத்துக்கு எத்தனையோ வண்டி பறக்கிறது. இவர் வாழ்க்கையோ ஒரே ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டியதில் இருந்து தொடங்கியது என்றால் நம்புவீர்களா?

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவனாகிய நான், அந்த மாமேதையின் கதையை நம் ஆண்டு மலரில் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் பிடிக்காத பையன்

சிறு வயதிலேயே தாயை இழந்த துரைசாமி, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். படிப்பு ஏறவில்லை. வாத்தியார் கண்ணில் மண்ணை வாரி எறிந்துவிட்டு ஓடிவந்ததாக இன்றும் கதை சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டாயிற்று. ஆனால் படிப்பை விடவில்லை. காட்டு வேலைக்கு நடுவே கையில் கிடைத்த புத்தகத்தை எல்லாம் தானே படித்தார். அரியர் வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கலாம்!

ஒரு நாள் அந்த ஊர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி தானாக ஓடுகிறது! பையனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கோயமுத்தூருக்கு நடந்தே போய் ஒரு ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். இலை எடுத்தார், காப்பி ஆற்றினார், காசைச் செலவழிக்காமல் முடிந்து வைத்தார். ஆண்டுக்கணக்கில் சேர்த்த சில நூறு ரூபாயைக் கொண்டுபோய் அதே அதிகாரியிடம் அதே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றினாரா? இல்லீங்க. வண்டியை நட்டு நட்டாகக் கழற்றிப் பரப்பினார். மறுபடி மாட்டினார். மறுபடியும் கழற்றினார். ஐ.சி. என்ஜின் என்று நாம் செமஸ்டரில் படிக்கிறோமே, அதை அவர் தரையில் உட்கார்ந்து விரலால் படித்தார். ஒருவர் ஓட்டிப் பழசாக்கிய வண்டிதான் அவருக்குக் கல்லூரி.

திருப்பூர்ப் பருத்தியும் பொள்ளாச்சி பஸ்ஸும்

அடுத்து அவர் வந்தது நம்ம திருப்பூருக்கு. இங்கே பருத்தி ஜின்னிங் தொழில் நடத்தினார். முதல் உலகப்போர்க் காலத்தில் நல்ல லாபம். அந்தப் பணத்தோடு பம்பாய் போய்ப் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். கொண்டுபோனதை விட்டுவிட்டுத் திரும்பினார். பனியன் தொழிலில் ஒரு சீசன் தூக்கி ஒரு சீசன் கவிழ்ப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிய கதை அல்ல.

கோவையில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரை அவருக்குக் கை கொடுத்தார். 1920-ல் ஒரு பஸ் வந்தது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடுவே ஸ்டியரிங் பிடித்து ஓட்டினார். அந்த ஒரு பஸ் வளர்ந்து வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாயிற்று. நாட்டிலேயே ஒழுங்காக நடந்த பஸ் கம்பெனிகளில் அது ஒன்று. வண்டி நேரத்துக்குக் கிளம்பும், நேரத்துக்கு வரும். பழுதாகி நடுவழியில் நிற்பதற்கு முன்பே ஷெட்டில் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்றைக்கு நாம் பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் என்று ஐந்து மார்க் கேள்விக்கு எழுதுவது அதைத்தான்.

சாவி இருந்தும் பூட்டு இல்லாத காலம்

அவர் பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்து வண்டிகளைப் பற்றி ஒரு செய்தி. உலகத்தையே காரில் ஏற்றிய ஃபோர்டு மாடல் டி 1908 முதல் 1927 வரை கோடிக்கும் மேல் தயாரானது. ஆனால் அதன் இக்னிஷனுக்கு இருந்தது ஏறக்குறைய இரண்டு டஜன் வகைச் சாவிதான்! எண்ணும் அதன் மேலேயே பொறித்திருக்கும். ஒரு கொத்துச் சாவி வைத்திருப்பவன் ஊரில் உள்ள எந்த ஃபோர்டையும் கிளப்பலாம். 1912-ல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தபோது கை ஒடிய ஹேண்டில் சுற்றுகிற வேலை போயிற்று. ஓட்டுநருக்கு வந்த அந்தச் சுகம் திருடனுக்கும் வந்தது. ஸ்டியரிங் லாக் பரவலானதே 1960-களுக்குப் பிறகுதான். சாவிக்குள் சிப் வைத்த இம்மொபிலைசர் ஐரோப்பாவில் புதிய கார்களுக்குக் கட்டாயமானது 1998-ல்.

ஆகவே, நம் வீடுகளில் நிற்கிற பழைய அம்பாசடர், பத்மினி, ராஜ்தூத், எஸ்டி எல்லாம் திருடனுக்குத் திறந்த வீடு மாதிரிதான். அவற்றில் இக்னிஷன் சுவிட்ச் என்பது பாட்டரியையும் காயிலையும் சேர்க்கிற சாதாரண சுவிட்ச். அதற்கு மேல் காவல் கிடையாது.

ஏமாற்ற முடியாத எந்திரம்

நாயுடு பஸ்ஸோடு நிற்கவில்லை. 1937-ல் பீளமேட்டுத் தொழிற்சாலையில் இந்தியாவின் முதல் மின் மோட்டார் உருவானது. அதற்கு மூளையாக நின்றவர் டி. பாலசுந்தரம் நாயுடு, பின்னாளில் டெக்ஸ்டூல் கண்டவர். நம்ம பக்கத்துக் கிணறுகளில் கோவை மோட்டார் ஓடுகிறதென்றால் அதன் விதை அங்கே விழுந்தது. வெளிநாடு போய்வந்தவர், சிறு மோட்டாரில் ஓடும் ரசாந்த் சவர ரேசர் செய்தார். மண்ணெண்ணெயில் சுற்றும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மிக மெல்லிய பிளேடு என்று பட்டியல் நீளும். அதில் என்னைக் கவர்ந்தது, தில்லுமுல்லு செய்ய முடியாதபடி அவர் அமைத்த வாக்குப்பதிவு எந்திரம். எந்திரம் வேலை செய்தால் மட்டும் போதாது, கள்ளக் கைக்கு அது இடம் கொடுக்கக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே சிந்தித்திருக்கிறார் பாருங்கள்!

1952-ல் இரண்டு பேர் போகிற பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை வெறும் 2000 ரூபாய். அரசாங்க லைசென்ஸ் கிடைக்காமல் உற்பத்தி நின்றது. அந்தக் கார் மட்டும் தெருவுக்கு வந்திருந்தால் கோவை இன்று எங்கேயோ போயிருக்கும் என்று நினைக்காத மெக்கானிக்கல் மாணவன் உண்டா?

நமக்காகப் போராடியவர்

1944-ல் மோட்டார்த் தொழிலில் இருந்து ஒதுங்கி, தொழிலாளர் நலன், ஆராய்ச்சி, கல்வி என்று பணத்தைத் திருப்பினார். 1945-ல் அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்ற அவரே காரணமாக இருந்தார். மூன்றாம் வகுப்புத் தாண்டாதவர் கல்லூரி முதல்வராக அமர்ந்தார்! நான்கு வருடப் படிப்பு மாணவன் காலத்தை வீணடிக்கிறது, இரண்டு வருடம் பட்டறையோடு சேர்த்துப் படித்தால் போதும் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை; பதவியை விட்டு விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. டிப்ளமோதானே என்று யாராவது இளக்காரமாகப் பேசினால், கையால் கற்பவன் பக்கம் நின்று நாற்காலியை விட்ட இந்த முதல்வரை நினைத்துக்கொள்ளுங்கள்.

1974 ஜனவரி 4 அன்று, 80 வயதில் அவர் மறைந்தார். அவிநாசி சாலையில் அவர் பெயரால் அறிவியல் அரங்கு உண்டு. 2015-ல் அவர் குடும்பத்தார் அதே சாலையில் ஜீடி கார் மியூசியம் திறந்தார்கள். நூறு வருடப் பழைய தொழில்நுட்பத்தை அங்கே கண்ணுக்கு அருகில் பார்க்கலாம். ஒரு தடவையாவது போய்வாருங்கள்.

எங்க அப்பாருவின் ராஜ்தூத்

இப்போது நான் சொல்லவந்த காரணம். மியூசியத்தில் இருக்கிற வண்டிக்குக் காவல் உண்டு. நம்ம தோட்டத்துச் சாளையில் நிற்கிற வண்டிக்கு?

நான் பத்தாவது படித்த வருஷம், எங்க அப்பாரு சந்தைக்கு ஓட்டிப்போன ராஜ்தூத் அரை மணி நேரத்தில் காணாமல் போயிற்று. எட்டு நாள் கழித்து பி.ஏ.பி. வாய்க்கால் ஓரத்தில் வெறும் சட்டம் மட்டும் கிடந்தது. என்ஜின் இல்லை, கார்புரேட்டர் இல்லை, டேங்க் இல்லை. அப்பாரு ஒன்றும் பேசவில்லை. அந்தச் சட்டத்தைத் தூக்கிவந்து தறிக்குடோனில் சாய்த்து வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பழைய வண்டியை ஓட்டுவதற்காகத் திருடுகிறவன் குறைவு. உதிரிப் பாகத்துக்காகத் திருடுகிறவன்தான் அதிகம். தயாரிப்பு நின்றுபோன வண்டியின் ஒரிஜினல் பாகத்துக்குக் கிராக்கி அப்படி. நாயுடு பிரித்தது படிக்க. இவன் பிரிப்பது அழிக்க. கையில் இருப்பது அதே ஸ்பேனர்தான்!

எங்கள் வீட்டில் 1972-ல் வாங்கிய புல்லட் ஒன்று மிச்சம் இருக்கிறது. பழைய இரும்புக்காரர் கிலோக் கணக்கில் கேட்டுவிட்டுப் போனார். அப்பாவுக்கும் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம். இதுவும் களவு போவதற்குக் காசாகட்டுமே என்கிறார். காத்து வைக்க முடியும் என்று நான் காட்டினால் வண்டி நிற்கும். அதற்காக நான் செய்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்கும் சொல்கிறேன்.

காக்கும் வழி

முதலாவது, பெட்ரோல் காரை நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டாரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். காயிலில் இருந்து வரும் மின்சாரம் பிளக்குக்குப் போக வழியில்லை; செல்ஃப் அடித்தாலும் வண்டி கிளம்பாது. டீசல் அம்பாசடருக்கு இது செல்லாது, அதில் ஸ்பார்க்கே கிடையாதே! அதற்கு டீசல் லைனில் மறைவாக ஒரு வால்வும், பாட்டரிக்கு ஐசொலேட்டரும் வேண்டும்.

இரண்டாவது, பைக்குக்கு மறைவுச் சுவிட்ச். சிலர் பாயிண்ட் வயரை எர்த் செய்து நிறுத்துவார்கள். அப்போது இக்னிஷன் போட்டிருந்தால் காயிலில் கரன்ட் ஓடிக்கொண்டே இருந்து சூடாகிவிடும். காயிலுக்குப் போகிற சப்ளை வயரை வெட்டி அதில் சுவிட்ச் வைப்பதே சரியான முறை. எங்கள் புல்லட்டுக்கு நானே வைத்தேன். எங்கே என்று மட்டும் மலரில் எழுத மாட்டேன்!

மூன்றாவது, நாலு பேர் தூக்கி டெம்போவில் போட்டால் எந்தச் சுவிட்சும் உதவாது. தரையில் கான்கிரீட்டில் பதித்த வளையமும், சட்டத்தோடு கோத்த தடித்த சங்கிலியும் தேவை. வீல் வழியாக மட்டும் கோத்தால் வீலை விட்டுவிட்டு வண்டி போய்விடும்.

நான்காவது, காகிதம். ஆர்.சி., இன்சூரன்ஸ், என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், நாலு பக்கப் போட்டோ எல்லாம் வீட்டில் தனியே இருக்கட்டும். திருடன் நம்பரை அரத்தால் தேய்ப்பான். ஆனாலும் பஞ்ச் அடித்த அழுத்தத்தில் அடியில் உள்ள உலோகம் நசுங்கி மாறியிருக்கும். தடய அறிவியல் நிபுணர்கள் தகுந்த அமிலக் கலவை பூசி எண்ணை மீட்டுவிடுவார்கள். மெட்டலர்ஜி பாடம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதோ பதில்.

ஐந்தாவது நமக்கே உரியது. மலிவாகக் கிடைக்கிறது என்று பில் இல்லாத பாகத்தையோ, ஆர்.சி. இல்லாத வண்டியையோ வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303-ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் வாங்குவதற்கு 317. நாளைக்குப் பட்டறை போடப்போகிறவர்கள் நாம்தான். நாம் வாங்க மறுத்தால் அவன் யாரிடம் விற்பான்?

இன்னொன்று. பதிவாகி 50 வருடம் தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டிக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவுமுறை கொண்டுவந்தது. நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். தினசரி ஓட்டத்துக்கு ஆகாது. கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு மட்டும். எங்கள் புல்லட்டுக்கு வயது ஆகிவிட்டது. பணம்தான் சேர வேண்டும். பனியன் கம்பெனியில் லீவு நாள் ஷிப்ட் போய்க்கொண்டிருக்கிறேன். ஓட்டல் வேலை பார்த்து ரட்ஜ் வாங்கியவர் கதை படித்தவனுக்கு இது பெரிய கஷ்டமா?

சிவாலயங்களில் இரவு நடை சாத்தியதும் சாவியைப் பைரவர் சந்நிதியில் வைப்பது பழைய வழக்கம். குண்டடத்தில் காலபைரவர் இருக்கிறார், ஊரைக் காப்பார். வண்டியைக் காப்பது நம் பொறுப்பு. ஒவ்வொருவர் வீட்டிலும் தாத்தா காலத்து எந்திரம் ஏதாவது ஒன்று இருக்கும். இந்த லீவில் அதைத் துடைத்து, நம்பரைக் குறித்து, ஒரு தடவை கழற்றி மாட்டுங்கள். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் அதைக் காக்கவும் தெரியும்.

வாழ்க ஜி.டி. நாயுடு புகழ்! வளர்க நம் கைத்திறன்!