கல்லறை இல்லாத விஞ்ஞானி: போருக்கு நடுவே வானத்தை அளந்த கெப்ளர்

2018 ஆம் ஆண்டு நவம்பர் 15 ஆம் திகதி. பூமியிலிருந்து சுமார் 15 கோடி கிலோமீற்றர் தொலைவில், எரிபொருள் தீர்ந்துபோன ஒரு விண்வெளித் தொலைநோக்கிக்கு நாசா இறுதிக் கட்டளையை அனுப்பியது. பூமியுடனான தொடர்பு அன்றோடு நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்டது. 2009 மார்ச்சில் ஏவப்பட்ட அந்தத் தொலைநோக்கியின் தரவுகளிலிருந்து, எமது சூரியக் குடும்பத்துக்கு வெளியே 2,600 க்கும் மேற்பட்ட கோள்கள் கண்டறியப்பட்டன. அதன் பெயர் கெப்ளர்.

இதில் யாரும் திட்டமிடாத ஒரு பொருத்தம் இருந்தது. அந்தப் பெயருக்கு உரியவரான ஜொகான்னஸ் கெப்ளர் இறந்ததும் ஒரு நவம்பர் 15 இல்தான். ஆண்டு 1630. இடம் ஜேர்மனியின் ரேகன்ஸ்பேர்க் நகரம். தனக்கு வரவேண்டிய சம்பள நிலுவையைக் கேட்பதற்காக இலையுதிர்காலத்தில் குதிரையில் புறப்பட்டவர், போன இடத்தில் காய்ச்சலில் விழுந்து 58 வயதில் உயிரிழந்தார். நகர மதிலுக்கு வெளியே இருந்த மயானத்தில் அவரைப் புதைத்தார்கள். சில ஆண்டுகளில் போர் அந்த மயானத்தையே அழித்துவிட்டது. அவருடைய கல்லறை இருந்த இடத்தை இன்று யாராலும் காட்ட முடியாது.

கோள்கள் சூரியனை எப்படிச் சுற்றுகின்றன என்பதைச் சொல்லும் மூன்று விதிகளை உலகுக்குத் தந்தவர் இவர். பாடப்புத்தகத்தில் அந்த விதிகளைப் படித்தவர்கள் பலர். ஆனால் அவை எப்படிப்பட்ட வாழ்க்கைக்குள் இருந்து வந்தன என்பது பலருக்குத் தெரியாது.

பார்வை குறைந்த சிறுவன்

1571 டிசெம்பர் 27 ஆம் திகதி, இன்றைய ஜேர்மனியின் தென்பகுதியில் உள்ள வைல் டெர் ஷ்டாட் என்ற சிறிய ஊரில் கெப்ளர் பிறந்தார். தந்தை கூலிப்படைச் சிப்பாய். பணம் கொடுப்பவர் எவரோ அவருக்காகச் சண்டைக்குப் போவார், வருவார், மறுபடியும் போவார். கெப்ளர் பதின்ம வயதில் இருந்தபோது கடைசியாகப் போனவர் பிறகு வீடு திரும்பவே இல்லை. சத்திரக்காரர் ஒருவரின் மகளான தாய் கத்தரீனா, மூலிகை வைத்தியம் தெரிந்தவர்.

சிறு வயதில் வந்த பெரியம்மை கெப்ளரின் கண்களையும் கைகளையும் பாதித்தது. தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது. ஒரு பொருள் பலவாகத் தெரியும். வானத்தை ஆராயப் பிறந்தவருக்கு வாய்த்த கண்கள் இவை. ஆனாலும் 1577 இல், அவருக்கு ஐந்து வயது முடியும் வேளையில், தாய் அவரை ஒரு மேட்டுக்குக் கூட்டிச் சென்று வானத்தில் தோன்றிய பெரிய வால்வெள்ளியைக் காட்டினார். அந்த இரவை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

ஏழைப் பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில் அவரை டியூபிங்கன் பல்கலைக்கழகம் வரை கொண்டு சென்றது. அவர் மத போதகராக விரும்பினார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொப்பர்னிக்கஸின் கருத்தை அங்கேதான் தனது ஆசிரியரிடமிருந்து அறிந்தார். 1594 இல் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் கணித ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கே திருமணமும் நடந்தது. முதலில் பிறந்த இரண்டு குழந்தைகளும் சில வாரங்களிலேயே இறந்துபோயின.

முதல் இடப்பெயர்வு

அந்தக் காலத்து ஐரோப்பா கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தினர் என்று பிளவுபட்டிருந்தது. கிராஸ் நகரை ஆண்டவர் கத்தோலிக்கர், கெப்ளர் புரட்டஸ்தாந்து சமயத்தவர். மதம் மாறு, இல்லையேல் வெளியேறு என்ற நிலை 1600 இல் வந்தபோது அவர் மாற மறுத்தார். மனைவியோடும், மனைவியின் முந்தைய திருமணத்தில் பிறந்த மகளோடும், வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பிராக் நகரை நோக்கிப் புறப்பட்டார். சம்பளம் நிச்சயமில்லை, வீடு நிச்சயமில்லை. இடம்பெயர்ந்த எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல.

பிராக்கில் டைக்கோ பிராகே என்ற டென்மார்க் வானியலாளர் இருந்தார். தொலைநோக்கி கண்டுபிடிக்கப்படாத காலத்தில், வெறும் கண்ணாலும் பெரிய அளவுகருவிகளாலும் பல ஆண்டுகள் வானத்தை அளந்து குறித்து வைத்தவர் அவர். தெளிவாகப் பார்க்க முடியாத கெப்ளருக்கு, உலகிலேயே மிகத் துல்லியமாகப் பார்த்தவரின் குறிப்புகள் கிடைத்தன. 1601 இல் டைக்கோ இறந்தார். அவருடைய இடத்தில் பேரரசர் இரண்டாம் ருடோல்ஃபின் கணிதராகக் கெப்ளர் நியமிக்கப்பட்டார்.

செவ்வாய்க் கோளின் பாதையை எட்டு நாட்களில் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஆரம்பத்தில் அவர் பந்தயம் கட்டினாராம். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. கோள்கள் வட்டத்தில்தான் சுற்றும் என்பது இரண்டாயிரம் ஆண்டுகால நம்பிக்கை. அவரும் வட்டத்தை வைத்தே கணக்குப் போட்டார். விடை ஏறக்குறைய சரியாக வந்தது. ஆனால் டைக்கோவின் அளவீட்டோடு ஒப்பிட்டால் ஒரு சிறிய வித்தியாசம். ஒரு பாகையை 60 பங்காகப் பிரித்தால் அதில் எட்டுப் பங்கு, அதாவது முழு நிலவின் அகலத்தில் சுமார் கால்வாசி. வேறு யாரும் என்றால் அதை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். டைக்கோ அவ்வளவு தவறு விடக்கூடியவர் அல்ல என்று நம்பிய கெப்ளர், தனது பல ஆண்டு உழைப்பையே தூக்கி எறிந்துவிட்டு மறுபடியும் தொடங்கினார். கடைசியில் அவருக்குக் கிடைத்தது நீள்வட்டம். 1609 இல் அது நூலாக வெளிவந்தது. அன்றோடு வட்டத்தின் காலம் முடிந்தது.

வெண்பனியும் வைன் பீப்பாவும்

கெப்ளரின் ஆர்வத்துக்கு எல்லை இல்லை. 1611 புத்தாண்டுக்கு நண்பர் ஒருவருக்குப் பரிசு கொடுக்கக் கையில் பணமில்லாதபோது, ஒரு சிறிய கட்டுரையையே பரிசாகக் கொடுத்தார். வெண்பனித் துகள்கள் ஏன் எப்போதும் ஆறு முனைகளோடு இருக்கின்றன என்பதே அதன் கேள்வி. அதற்குள் இன்னொரு கருத்தும் இருந்தது. உருண்டைகளை மிக நெருக்கமாக அடுக்கும் வழி, பழக்கடைக்காரர் தோடம்பழங்களைக் கூம்பாக அடுக்குவது போன்ற முறைதான் என்றார். கேட்பதற்கு எளிது. ஆனால் அதைக் கணித ரீதியாக நிரூபிக்க 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் கணிதவியலாளர் தோமஸ் ஹேல்ஸ் கணினியின் துணையுடன் அதைச் செய்தார்.

அதே 1611 தான் அவருடைய வாழ்க்கையின் மிகக் கொடிய ஆண்டும். பிராக்குக்குள் படைகள் புகுந்தன. படைகளோடு நோயும் வந்தது. ஆறு வயது மகன் பெரியம்மையில் இறந்தான். சில மாதங்களில் மனைவியும் காய்ச்சலில் இறந்தார். பேரரசர் ஆட்சியை இழந்தார். கெப்ளர் எஞ்சிய பிள்ளைகளோடு மறுபடியும் இடம்பெயர்ந்து, 1612 இல் ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரில் குடியேறினார்.

அங்கே அவருடைய சொந்தச் சபையே அவரை ஒதுக்கியது. சபையின் கொள்கைப் பிரகடனம் ஒன்றில் மனச்சாட்சிக்கு விரோதமாகக் கையெழுத்திட மறுத்ததால் அவருக்கு நற்கருணை மறுக்கப்பட்டது. ஒரு பக்கத்தார் புரட்டஸ்தாந்தினர் என்று துரத்தினார்கள், மறுபக்கத்தார் உண்மையான புரட்டஸ்தாந்தினர் அல்ல என்று தள்ளிவைத்தார்கள். அவர் இரண்டு பக்கத்துக்கும் வளையவில்லை.

மறுமணம் செய்ய நினைத்தபோது பதினொரு பெண்களைப் பற்றி யோசித்து, ஒவ்வொருவரின் நிறைகுறைகளையும் கணக்கு ஆராய்வதுபோல் கடிதத்தில் எழுதிவைத்தார். நண்பர்கள் வேறு இடங்களைச் சொன்னாலும், பட்டியலில் ஐந்தாவதாக இருந்த சுசன்னா என்ற தாய் தந்தையற்ற பெண்ணையே 1613 இல் மணந்தார். அந்தக் காலத்தில் வாங்கிய வைன் பீப்பாவின் கொள்ளளவை வியாபாரி ஒரு கோலை உள்ளே விட்டு அளந்ததைப் பார்த்ததும் சந்தேகம் எழுந்தது. இது சரியான அளவுதானா? விடை தேடியவர் 1615 இல் ஒரு புத்தகமே எழுதினார். பிற்காலத்து நுண்கணிதத்துக்குப் பாதை போட்ட நூல்களில் அதுவும் ஒன்று.

தாயின் வழக்கு

அதே 1615 இல் ஊரிலிருந்து ஒரு செய்தி வந்தது. தாய் கத்தரீனா கொடுத்த பானத்தைக் குடித்து நோயுற்றதாக அயலவர் ஒருவர் குற்றம் சாட்டியிருந்தார். தாய்க்குச் சூனியக்காரி என்ற பட்டம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அதற்குத் தண்டனை மரணம். 1620 இல் எழுபது வயதைக் கடந்த அந்த மூதாட்டியைக் கைதுசெய்து சங்கிலியில் கட்டிவைத்தார்கள்.

பேரரசின் கணிதர் என்ற பதவியில் இருந்தவர், தனது பெயர் கெடும் என்று ஒதுங்கி இருந்திருக்கலாம். கெப்ளர் ஒதுங்கவில்லை. வேலையை விட்டுவிட்டுத் தாயிடம் போனார். சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றில் உள்ள முரண்பாடுகளைக் காட்டினார். சொல்லப்பட்ட நோய்களுக்கு இயற்கையான காரணங்கள் உண்டு என்று விளக்கினார். செவ்வாயின் பாதையில் எட்டுப் பங்கு தவறைக்கூட விடாத அதே பொறுமைதான் இங்கும் வேலை செய்தது. கடைசியில் சித்திரவதைக் கருவிகளைத் தாயின் முன் வைத்து ஒப்புக்கொள்ளும்படி மிரட்டினார்கள். அவர் அசையவில்லை. 14 மாதச் சிறைக்குப் பிறகு 1621 இல் விடுதலையானார். அடுத்த ஆண்டு இறந்தார்.

எரிந்த அச்சுக்கூடம்

இதற்கிடையே 1618 மே மாதத்தில் கெப்ளர் தனது மூன்றாவது விதியைக் கண்டறிந்திருந்தார். ஒரு கோள் சூரியனைச் சுற்ற எடுக்கும் காலத்தை அறிந்தால், அது சூரியனிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் கணக்கிடலாம். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அவர் ஒரு சிறு மகளைப் பறிகொடுத்திருந்தார். அந்த விதி கிடைத்து எட்டு நாட்களில் பிராக்கில் கலகம் வெடித்தது. முப்பதாண்டுப் போர் தொடங்கியது.

டைக்கோவின் அளவீடுகளையும் தனது விதிகளையும் சேர்த்து, எந்த நாளில் எந்தக் கோள் எங்கே இருக்கும் என்று கணிக்க உதவும் பெரும் அட்டவணை நூலைக் கெப்ளர் தயாரித்துக்கொண்டிருந்தார். 1626 இல் லின்ஸ் நகரம் முற்றுகைக்குள்ளானது. அச்சுக்கூடம் எரிந்தது. அச்சிட்ட தாள்கள் சாம்பலாயின. ஆனால் கையெழுத்துப் பிரதி தப்பியது.

முற்றுகை நீங்கியதும் குடும்பத்தையும் அச்செழுத்துகளையும் ஏற்றிக்கொண்டு டனியூப் நதியில் படகில் புறப்பட்டார். வழியில் நதி உறைந்தது. மனைவி பிள்ளைகளை ரேகன்ஸ்பேர்க்கில் தங்கவைத்துவிட்டு, அச்செழுத்துகளோடு தரைவழியாக உல்ம் நகருக்குப் போனார். தனது சொந்தப் பணத்தைப் போட்டு 1627 இல் நூலை அச்சிட்டு முடித்தார். அந்த நகரத்தார் கேட்டபோது, நீளம், நிறை, கொள்ளளவு எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் சரிபார்க்கக்கூடிய அளவுக் கொப்பரை ஒன்றையும் வடிவமைத்துக் கொடுத்தார்.

அரசு அவருக்குக் கொடுக்கவேண்டிய பணம் கடைசிவரை வரவில்லை. இறக்கும்போது நிலுவை 11 ஆயிரம் வெள்ளி நாணயங்களுக்கும் மேல்.

இறந்த பிறகு வந்த நாள்

இறப்பதற்கு முன், அந்த அட்டவணையின்படி 1631 நவம்பர் 7 ஆம் திகதி புதன் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்லும் என்று கெப்ளர் அறிவித்திருந்தார். அப்படி ஒன்றை அதுவரை எவரும் முன்கூட்டியே சொல்லிப் பார்த்ததில்லை. அந்த நாள் வந்தபோது அவர் மண்ணுக்குள் ஓராண்டு. பாரிஸ் நகரில் பியர் கசென்டி என்பவர் சூரியனின் பிம்பத்தைத் திரையில் விழுத்திக் காத்திருந்தார். ஒரு சிறிய கறுப்புப் புள்ளி சூரியனின் மேல் மெதுவாக நகர்ந்தது. கெப்ளரின் கணக்குச் சரியாக இருந்தது.

நிலவுக்குப் போய் அங்கிருந்து பூமியைப் பார்ப்பதாகக் கெப்ளர் எழுதிய கதையொன்றை, வறுமையில் வாடிய குடும்பத்துக்காக அவருடைய மகன் 1634 இல் வெளியிட்டார். இன்று நிலவில் உள்ள ஒரு பெரும் பள்ளத்துக்குக் கெப்ளரின் பெயர்.

நாசாவின் கெப்ளர் தொலைநோக்கி கோள்களைத் தேடிய முறையும் அதே கறுப்புப் புள்ளிதான். ஒரு கோள் தனது விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது ஒளி சற்றுக் குறையும். அந்தக் குறைவைக் கவனித்து, கோளின் தொலைவை மூன்றாவது விதியைக் கொண்டு கணக்கிட்டார்கள்.

படைகள் அவருடைய வீடுகளைப் பறித்தன, அச்சுக்கூடத்தை எரித்தன, கல்லறையையும் விட்டுவைக்கவில்லை. கையில் எடுத்துச் சென்ற கணக்கு மட்டும் தப்பியது. 2018 இல் மௌனமான அந்தத் தொலைநோக்கி கீழே விழவில்லை. இன்றும் அது சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அவர் சொன்ன நீள்வட்டப் பாதையில்.