அயலவராய் வந்தார், நம்மவரானார்
வீரமாமுனிவர் வாழ்வு தரும் பாடம்



நம் பங்கிற்குப் புதிய குருவானவர் வரும்போதெல்லாம் மேளம் கொட்டி, மாலையிட்டு, மந்திரித்த தீர்த்தம் தந்து வரவேற்கிறோம். இந்த மண் குருக்களை வரவேற்கக் கற்றது நேற்று இன்றல்ல. குன்னம், அரியலூர் வட்டாரத்து விசுவாசிகள் நன்கறிந்த ஏலாக்குறிச்சியே அதற்குச் சாட்சி.

இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தவர் கொன்ஸ்தான்சு யோசேப் பெஸ்கி. 1698-இல் சேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் 1710-இல் கோவா வந்திறங்கி, அங்கிருந்து தமிழகம் சேர்ந்து மதுரை மிஷனில் பணி தொடங்கினார். தொடக்கமே சோதனையாயிற்று. தென்பகுதியில் பணியாற்றிய நாட்களில், 1714-15 காலத்தில், பகைவர் கையில் சிக்கி, மரண தண்டனையினின்று மயிரிழையில் தப்பினார். ஆயினும் ஊர் திரும்ப எண்ணினாரில்லை.

பின்னர் கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சி அவர்தம் பணித்தளமாயிற்று. அங்கே அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பி, அவ்வூருக்குத் திருக்காவலூர் என்னும் பெயரும் சூட்டினார். துன்புற்றோர் ஓடி வந்து ஒதுங்கும் இடம் என்பதே அப்பெயரின் உட்பொருள். அரியலூர் ஆண்ட மழவராயர் ஒருவருக்கு வந்த கொடிய பிளவை நோய், அன்னையை வேண்டி முனிவர் பூசிய பச்சிலையாலும் மண்ணாலும் குணமாயிற்று என்றும், நன்றியாக அம்மன்னர் ஆலயத்திற்கு நிலம் ஈந்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

மக்கள் அவரை ஏற்றனர். அவரும் மக்களை ஏற்றார். காவியுடை தரித்தார், புலால் நீக்கினார், தம் பெயரையே தைரியநாதர் எனத் தமிழாக்கிக் கொண்டார். பின்னர் வீரமாமுனிவர் என்று தமிழுலகம் போற்றியது. புலவர்களிடம் மாணவராய் அமர்ந்து பாடங்கேட்டார். சூசையப்பர் வரலாற்றை 3,615 பாடல்களில் தேம்பாவணியாகத் தந்தார். உபதேசியார்களுக்கென 1727-இல் வேதியர் ஒழுக்கம் எழுதினார். 1732-இல் சதுரகராதி தொகுத்தார். தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கணம் செய்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் இன்று நம் பிள்ளைகள் வேறுபடுத்தி எழுதுவதும் அவர் செய்த சீர்திருத்தமே.

இறுதி நாட்களில் தென்திசை சென்று, 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1968-இல் நடந்த உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

இந்த வாழ்விலிருந்து நாம் கொள்ள வேண்டியது யாது? மாலை மறுநாளே வாடிவிடும். புதிதாய் வரும் குருவானவருக்கு இவ்வூர்த் தெருக்களையும், நோயில் கிடப்போர் வீடுகளையும், பேசாதிருக்கும் குடும்பங்களின் மனவருத்தங்களையும் அறிமுகம் செய்து வைப்பதே மெய்யான வரவேற்பு. சென்ற சுவாமியாரோடு வந்த சுவாமியாரை ஒப்பிட்டுத் திண்ணையில் பேசுவது வரவேற்பாகாது. குருக்கள் மாற்றலாகி வருவர், போவர்; பங்குக் குடும்பம் நிலைத்து நிற்கும். வந்தவர் நம்மவராவதில் அவருக்குப் பாதிப் பங்கு என்றால், மறுபாதி நம்முடையது.

அடைக்கல அன்னை நம் பங்கையும், நம் குருக்களையும் காப்பாளாக!