தக்காணத்து உயிர்களைப் பதிந்த படைவீரர்

லோஹேகாவ் என்றவுடன் நம் மாணவர்க்கு விமான நிலையமே நினைவுக்கு வரும். ஆனால் அவ்வூருக்குத் தெற்கே சில மைல் தொலைவில் ஓடும் முளா-முட்டா ஆறு விலங்கியல் நூல்களில் நிலைத்த இடம் பெற்றது என்பதைப் பலர் அறியார். அப்பெருமையை அதற்குத் தேடித் தந்தவர் கர்னல் வில்லியம் ஹென்றி சைக்ஸ்.

சைக்ஸ் 1790ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். பதினான்காம் வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் சேர்ந்தார். 1805இல் பரத்பூர் முற்றுகையிலும், 1817இல் மராட்டியப் பேரரசின் முடிவுக்கு வழிவகுத்த கிர்க்கிப் போரிலும் பங்குகொண்டார். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றவர் அல்லர். அவர் கற்ற தொழில் போர்த்தொழில் ஒன்றே. எனினும், இந்நாட்டு மொழிகளைக் கற்றுத் தேர்ந்தார். அதுவே பின்னாளில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

1824இல் பம்பாய் ஆளுநர் எல்பின்ஸ்டன் அவரைத் தக்காணத்தின் புள்ளிவிவர அலுவலராக அமர்த்தினார். மக்கள் தொகை, நிலம், விளைச்சல், வரி ஆகியவற்றைக் கணக்கெடுப்பது அவர் பணி. அக்கணக்கு அயலார் ஆட்சியின் வருவாய்க்குப் பயன்பட்டது என்பதை நாம் மறத்தல் ஆகாது. ஆயினும் ஊர் ஊராகச் சென்ற அவர் கண்கள் வயலோடும் வரியோடும் நின்றுவிடவில்லை. பாறை நிலத்துப் புல்வெளியில் பறந்த சிறு குருவியையும், மீனவர் கூடையில் துள்ளிய மீனையும் அதே கருத்தோடு நோக்கின. கிடைத்த உயிரை அளந்தார், நிறத்தைக் குறித்தார், இரைப்பையைத் திறந்து அது உண்டது யாது என ஆராய்ந்தார்.

தாயகம் திரும்பிய பின், 1832இல் தக்காணப் பறவைகளின் பட்டியலை வெளியிட்டார். அதில் இருநூறுக்கு மேற்பட்ட பறவைகள் இடம்பெற்றன. அவற்றுள் ஐம்பதுக்கு மேற்பட்டவை அறிவியலுக்குப் புதியவை என அவர் கருதினார். வியப்பு என்னவென்றால், நம் ஊர் வயல் வரப்பில் அசையாது நிற்கும் மடையானுக்கு முதன்முதலில் அறிவியற்பெயர் சூட்டியது இந்தப் பட்டியல்தான்! எல்லாரும் நாள்தோறும் கண்ட பறவை அது. முறையாகப் பதிந்தவர்தாம் இலர். நம் நீலகிரி மரப்புறாவுக்கும் அவரே பெயரிட்டு, எல்பின்ஸ்டனை நினைவுகூர்ந்தார். தக்காணத்து வானம்பாடி ஒன்றுக்குத் தேவா என்றும், ஒரு பக்கிக்கு மராட்டியர் நாட்டையொட்டியும் பெயர் வைத்தார். அந்த வானம்பாடியை இன்று உலகம் சைக்ஸ் வானம்பாடி என்றே அழைக்கிறது.

அவர் முடிவுகள் யாவும் நிலைக்கவில்லை. 1831இல் தக்காணத்துச் செந்நாயைப் புதிய இனம் என அறிவித்தார். சைபீரியப் பகுதியிலிருந்து 1811இலேயே பல்லாஸ் என்பார் விவரித்த இனமே அது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இருந்த இடத்தையும் உருவத்தையும் அவர் ஒழுங்காக எழுதி வைத்திருந்ததாலன்றோ பின்வந்தோர் அதைத் திருத்த முடிந்தது!

1839இல் வெளிவந்த அவருடைய மீன் ஆய்வு இன்னும் சிறப்புடையது. பல மீன்களுக்கு இலத்தீனில் புதுப்பெயர் தேடி அவர் அலையவில்லை. குத்ரீ, கோலஸ், டாக்ரீ, பாலூகீ என இம்மண்ணின் மக்கள் வழங்கிய பெயர்களையே அறிவியற்பெயர்களின் பகுதியாக்கினார். பேரினப் பெயர்கள் பின்னாளில் மாறின. ஆற்றங்கரைப் பெயர்கள் மாறவில்லை. அப்பெயர்களைச் சொல்லித் தந்த மீனவர் எவர் பெயரும் மீனின் பெயராகவில்லை. ஆயினும் அவர்தம் சொற்கள் உலக ஆய்வுக்கூடங்களில் இன்றும் வழங்குகின்றன.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்போர்க்குக் காவிரி விடை கூறும். முளா-முட்டாவிலிருந்து சைக்ஸ் விவரித்த குத்ரீ என்னும் மீன், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லோனாவாலாவில் செயற்கை முறையில் பெருக்கப்பட்டுக் காவிரியில் விடப்பட்டது. காவிரிக்கோ அதற்கே உரிய கூன்முதுகுக் கெண்டை உண்டு. தூண்டிலிடுவோர் உலகெங்கும் புகழ்ந்த அப்பெருமீனுக்கு உறுதியான அறிவியற்பெயர் இல்லை. அயல் மீன் பெருகியது. சொந்த மீன் அருகியது. டார் ரேமாதேவி என்னும் இனமே அது என 2018இல்தான் ஆய்வாளர் நிறுவினர். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது. பெயர் பெறாத உயிருக்காக வழக்காடுவார் யார்?

சைக்ஸ் 1834இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1856இல் கம்பெனியின் தலைமைப் பதவியை அடைந்தார். 1857 முதல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். 1872இல் மறைந்தார். அப்பதவிகளை இன்று நினைப்பார் சிலரே. புல்வெளியில் எழுதிய குறிப்புகளே அவரை வாழவைக்கின்றன.

நண்பர்களே, நம்முள் கணிதம் பயில்வோர் உண்டு, பொறியியல் பயில்வோர் உண்டு. விலங்கியல் நம் துறையன்று என ஒதுங்க வேண்டுவதில்லை. அறியாத உயிர் ஒன்றைக் கண்டால் நாள், இடம், அளவு, நிறம் நான்கையும் எழுதுவோம். அருகிலிருக்கும் மேய்ப்பரையோ மீனவரையோ அணுகி அதன் பெயரைக் கேட்போம். பெயர் சொன்னவர் பெயரையும், அவர் இசைந்தால், அதனருகே எழுதி வைப்போம். சைக்ஸ் விட்டுச் சென்ற குறை அது ஒன்றே.