கரியமில வாயுவைக் கணக்கிட்டவர்

ஸ்வீடன் நாட்டில் உப்சாலா நகரை அடுத்த விக் என்னும் ஊரில் 1859ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் ஸ்வாந்தே அர்ஹீனியஸ் பிறந்தார். தந்தையார் நில அளவையாளர். உப்சாலாப் பல்கலைக்கழகத்தின் நிலபுலங்களை மேற்பார்த்து வந்தவர். அவர் கூட்டிக் கழிக்கும் கணக்கேடுகளை அருகிருந்து பார்த்தே சிறுவன் எண்களைக் கற்றான் என்பர். பிற்காலத்தில் உலகை வியக்கவைத்த ஒரு பெருங்கணக்கின் விதை அந்த ஏடுகளில் இருந்தது எனலாம்.

உப்பு நீரில் கரையும்போது மின்னேற்றம் பெற்ற துகள்களாகப் பிரிகிறது என்பது இன்று பள்ளி மாணவர்க்கும் பாடம். இதன் தொடக்கக் கருத்துகளை 1884இல் அர்ஹீனியஸ் ஆய்வேடாக அளித்தபோது உப்சாலாப் பேராசிரியர்கள் அதனை ஏற்க மனமின்றித் தாழ்ந்த தரமே வழங்கினர். ஊர் ஒதுக்கியதை உலகம் ஏற்றது. ஜெர்மானிய அறிஞர் ஓஸ்ட்வால்டு அதே ஆண்டில் அவரை நேரில் தேடி உப்சாலாவுக்கே வந்தார். அந்த ஆய்வேட்டிலிருந்து வளர்ந்த கொள்கைக்காகவே 1903இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிட்டியது. ஸ்வீடன் நாட்டவர் ஒருவர் பெற்ற முதல் நோபல் அதுதான்.

எனினும் இம்மலரில் நாம் அவரை நினைவுகூர்வது பரிசு பெற்ற பணிக்காக அன்று. பரிசு எதுவும் பெறாத மற்றொரு பணிக்காக.

வடஐரோப்பா ஒரு காலத்தில் பனிப்பாளங்களின் கீழ்க் கிடந்தது என்பதை நிலவியலார் கண்டறிந்திருந்தனர். அப்பனி ஏன் வந்தது, ஏன் போனது என்பதே ஸ்டாக்ஹோம் அறிஞர்களின் விவாதப் பொருளாய் இருந்தது. விடை காற்றில் இருக்கலாம் என அர்ஹீனியஸ் கருதினார். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன், அடுத்தது ஆக்சிஜன். இவ்விரண்டும் நிலம் வெளிவிடும் வெப்பக் கதிர்களைத் தடுப்பதில்லை. தடுத்துப் பிடித்துக்கொள்பவை நீராவியும் கரியமில வாயுவுமே. அர்ஹீனியஸ் பிறந்த அதே 1859இல் லண்டனில் ஜான் டிண்டல் இதனைச் சோதனையால் மெய்ப்பிக்கத் தொடங்கியிருந்தார். அன்றைய காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 295 பங்குதான். இந்தச் சிறுபங்கு கூடினாலோ குறைந்தாலோ உலகின் வெப்பம் எவ்வளவு மாறும்? இக்கேள்வியோடு 1894ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முன்னாள் அவர் கணக்கிட அமர்ந்தார்.

கணக்கிற்கு அளவுகள் வேண்டும். காற்று எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது என்பதற்கு அவர் சான்று கண்ட இடம் நிலவு! அமெரிக்க வானியலார் லாங்லி, நிலவின் வெப்பநிலையை அறியும் நோக்குடன் அதன் வெப்பக் கதிர்களை அளந்து வைத்திருந்தார். நிலவு உச்சியில் இருக்கும்போது கதிர் குறைந்த காற்றைக் கடந்து வரும். அடிவானில் இருக்கும்போது மிகுந்த காற்றைக் கடந்து வரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து, இடையில் நீராவியும் கரியமில வாயுவும் விழுங்கிய பங்கைப் பிரித்தெடுத்தார் அர்ஹீனியஸ். தண்ணிலவு என்றே பாடிப் பழகிய நம்மனோர், அந்நிலவின் வெப்பத்தை நம்பி ஒருவர் உலகின் தட்பவெப்பத்தைக் கணித்தார் என்பதை அறிதல் நன்று.

கணிப்பொறி இல்லாத காலம். வடக்கே 70 பாகை முதல் தெற்கே 60 பாகை வரை உலகைப் பட்டைகளாகப் பகுத்து, ஒவ்வொரு பட்டைக்கும் நான்கு பருவங்களுக்கும், கரியமில வாயுவின் வெவ்வேறு அளவுகளுக்கும் தனித்தனியே கையால் கணக்கிட்டார். ஏறத்தாழ ஓராண்டு நீண்டது அவ்வுழைப்பு. அதே ஓராண்டில் அவர் இல்லறம் சிதைந்தது. அவருடைய மாணவியாய் இருந்து 1894இல் மனைவியான சோஃபியா ருட்பெக் அவரைப் பிரிந்து சென்றார். 1895 நவம்பரில் மகன் ஓலோஃப் பிறந்தபோது தாய் தந்தையர் ஒரு கூரையின் கீழ் இல்லை. மறு ஆண்டில் மணவிலக்கும் ஆயிற்று. துயரை மறக்கக் கணக்கில் மூழ்கினாரா, கணக்கில் மூழ்கியதால் துயர் வந்ததா என்று வினவத் தோன்றும். எண்களின் பட்டியலில் அதற்கு விடை இல்லை.

1895 டிசம்பரில் அரசு அறிவியல் கழகத்தின்முன் முடிவு படிக்கப்பட்டது. 1896 ஏப்ரலில் ஆங்கில இதழொன்றில் வெளியாயிற்று. கரியமில வாயு பாதியாய்க் குறைந்தால் உலகம் நான்கைந்து பாகை குளிரும். இருமடங்கானால் ஐந்தாறு பாகை சூடேறும். வெப்பம் கூடினால் நீராவி பெருகி மேலும் வெப்பத்தைப் பிடிக்கும் என்பதையும் அவர் கணக்கில் சேர்த்திருந்தார். இன்றைய ஆய்வாளர் இருமடங்குக்கு ஏறத்தாழ மூன்று பாகை என்பர். கையில் பிழையுள்ள அளவுகளை வைத்துக்கொண்டு இவ்வளவு அருகில் வந்தது சிறிய செயலன்று.

அவருடைய தோழர் ஹோக்போம் நிலக்கரியின் கணக்கைக் காட்டினார். அக்காலத்தில் ஆண்டுதோறும் எரிந்த கரி ஏறத்தாழ 50 கோடி டன். மனிதனே காற்றை மாற்றவல்லவன் என்பது இதனால் புலனாயிற்று. அர்ஹீனியஸ் அஞ்சவில்லை; மகிழ்ந்தார். குளிர் நாட்டில் பிறந்தவர் அல்லவா! வருங்கால மக்கள் இதமான காலநிலையில் மிகுந்த விளைச்சல் காண்பர் என்று 1906இல் வெளியான தம் நூலில் நம்பிக்கையோடு எழுதினார். நம் வெயிலில் ஒரு சித்திரையைக் கழித்திருந்தால் அவ்வாறு எழுதியிருப்பாரா என்பது ஐயமே.

1900இல் உப்சாலாவைச் சேர்ந்த குனுட் ஆங்ஸ்ட்ரோம் மறுப்புரைத்தார். குழாயில் அடைத்த வாயுவின் அளவை மாற்றினாலும் அது விழுங்கும் வெப்பம் பெரிதும் மாறவில்லை. ஆகவே இனிக் கூடும் வாயுவால் விளைவு இல்லை என்பது அவர் வாதம். வெப்பம் விண்வெளிக்குத் தப்பிச் செல்வது மெலிந்து குளிர்ந்த மேலடுக்குகளிலிருந்து. அங்கே வாயு கூடினால் விளைவு உண்டு என்பதைக் குழாய் காட்டாது. இது தெளிவாக அரை நூற்றாண்டு ஆயிற்று.

பிற கோள்களின் காற்றையும் அவர் ஆராய்ந்தார். செவ்வாயில் கால்வாய் வெட்டிய அறிவுடையோர் உண்டு எனப் பலர் நம்பிய நாளில், அது உயிர் வாழ இயலாக் குளிர்ப்பாலை என்றார், சரியாகவே சொன்னார். வெள்ளியைப் பற்றியோ முற்றும் தவறினார். முகில் மூடியிருப்பதைக் கண்டு, அங்கே 47 பாகை வெப்பத்தில் சதுப்புக் காடுகள் செழித்திருக்கும் என 1915இல் எழுதினார். 1932இல் அங்கே கரியமில வாயு கண்டறியப்பட்டது. 1960களிலும் அதன் பின்னும் சென்ற விண்கலங்கள், காற்றில் 96 விழுக்காடு கரியமில வாயு, தரையில் 460 பாகை அளவு வெப்பம், நம் காற்றைப் போல் 90 மடங்கு அழுத்தம் என்று தெரிவித்தன. செவ்வாயின் காற்றிலும் 95 விழுக்காடு அதே வாயுதான். ஆனால் அக்காற்று மிக மெலிந்தது, குளிரைத் தடுக்க வலுவற்றது. வெள்ளிக்கு விடை, அவர் 1895இல் தம் கையாலேயே போட்ட கணக்கில் இருந்தது. அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் சதுப்புக் காட்டைக் கற்பனை செய்தார்.

இவரைப் போற்றுவோர் பலர் மறைக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மனிதரை இனத்தால் தரம் பிரிக்க முற்பட்ட இனத் தூய்மை இயக்கத்தில் அர்ஹீனியஸ் பங்குகொண்டார். 1922இல் உப்சாலாவில் அரசு நிறுவிய இன உயிரியல் நிறுவனத்தின் ஆட்சிக் குழுவிலும் இருந்தார். தம் கொள்கையை எதிர்த்த மெண்டலீவுக்கு நோபல் பரிசு கிட்டாமற்போனதில் இவர் செல்வாக்குக்குப் பங்குண்டு என்றும் வரலாற்றாளர் கூறுவர். தாழ்ந்த தரத்தின் கசப்பை அறிந்தவர், பிறரைத் தாழ்த்தத் தயங்கவில்லை.

1905இல் மரியா யோஹான்சனை மணந்து அமைதியான இல்லறம் கண்டார். 1927 அக்டோபர் 2ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் மறைந்து, ஒருகாலத்தில் தம்மை ஒதுக்கிய உப்சாலாவிலேயே அடக்கமானார்.

கணக்கு நடந்த ஆண்டில் பிறந்த ஓலோஃப் மண்ணியல் அறிஞர் ஆனார். ஓலோஃபின் மகன் குஸ்தாஃப் கடலியல் கற்று, அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் ஆய்வகத்தில் பணியாற்றினார். அவ்வாய்வகத்தைச் சேர்ந்த சார்லஸ் கீலிங்தான் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது காற்றின் கரியமில வாயுவை இடைவிடாது அளக்கத் தொடங்கியவர். அப்போது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 315 பங்கு. 2024இல் அது 420ஐக் கடந்திருந்தது.