இரண்டு முறை எரிந்த பட்டறை: லெகோவைத் தொடங்கிய தச்சர் ஓலே கிர்க் யார்?

ஆளில்லாத பெரிய காடு. கையில் எதுவும் இல்லை. பசிக்கும், குளிரும், இருட்டினால் எலும்புக்கூடுகள் துரத்தும். மரத்தை வெட்டி, கல்லைப் பொறுக்கி, எப்படியாவது ஒரு குடிசை கட்டிவிட்டால் அன்றைய ராத்திரி தப்பிக்கலாம். 2023 டிசம்பரில் எபிக் கேம்ஸும் லெகோவும் சேர்ந்து வெளியிட்ட லெகோ ஃபோர்ட்நைட் விளையாட்டு இப்படித்தான் தொடங்குகிறது. ஒரு வருடம் கழித்து அதன் பெயரோடு ஒடிசி என்ற வார்த்தையும் சேர்ந்தது.

அந்த விளையாட்டில் செத்துப்போனாலும் பிரச்சினை இல்லை. அடுத்த நொடியே உயிர் வந்துவிடும், விட்டுவிட்டு வந்த பையைத் தேடி எடுத்து மறுபடியும் கட்ட ஆரம்பிக்கலாம். நிஜ வாழ்க்கையில் அப்படி ஒரு பட்டன் கிடையாது. ஆனா லெகோ நிறுவனத்தைத் தொடங்கிய மனிதர், எரிந்துபோன இடத்திலேயே நின்று முதலில் இருந்து கட்ட ஆரம்பித்தார். அதுவும் இரண்டு முறை. அவர் பெயர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன். பிளாஸ்டிக்கே தெரியாமல் வளர்ந்த ஒரு தச்சர்.

யார் இந்த ஓலே கிர்க்?

டென்மார்க்கின் மேற்குப் பகுதி ஜட்லாந்து. மணல் கலந்த மண், காற்று, சிறு சிறு பண்ணைகள். 1891 ஏப்ரல் 7-ம் தேதி அங்கே ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் ஓலே கிர்க் பிறந்தார். வீடு நிறைய பிள்ளைகள். எல்லோருக்கும் பங்கு வைக்க நிலம் பத்தாது. அதனால் பதின்ம வயதிலேயே அண்ணனிடம் தச்சு வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். பிறகு பிழைப்புக்காக ஜெர்மனி, நார்வே என்று சில வருடங்கள் சுற்றினார். நார்வேயில்தான் ஹன்சினே என்ற பெண்ணைச் சந்தித்தார்.

1916-ல் சேமித்த காசோடு ஊர் திரும்பி, பில்லுண்ட் என்ற சின்ன கிராமத்தில் ஒரு தச்சுப் பட்டறையை வாங்கினார். அதே வருடம் கல்யாணம். கதவு, ஜன்னல், அலமாரி, பண்ணை வீடு, பக்கத்து ஊர் தேவாலயம் என்று கிடைத்த வேலை எல்லாம் செய்தார். வேலையில் சுத்தம், கணக்கு வழக்கில் கொஞ்சம் சுமார். நான்கு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள்.

முதல் தீ: 1924

பட்டறையில் வஜ்ஜிரம் காய்ச்ச ஓர் அடுப்பு இருந்தது. மரத்தை ஒட்டும் பசை அது, சூடாக இருந்தால்தான் வேலைக்கு ஆகும். ஒருநாள் இரண்டு சின்னப் பையன்கள், கார்ல் கேயோர்க்கும் காட்ஃபிரட்டும், அந்த அடுப்பைப் பற்றவைக்கப் பார்த்தார்கள். காட்ஃபிரட்டுக்கு அப்போது நான்கு வயது இருக்கும். ஒரு பொறி தெறித்து, தரையில் கிடந்த மரச்சீவல் பற்றிக்கொண்டது. பட்டறையும் போச்சு, ஒட்டியிருந்த வீடும் போச்சு.

சாதாரணமாக யாராக இருந்தாலும் இருந்ததைவிடச் சின்னதாகத்தான் மறுபடி கட்டுவார்கள். ஓலே கிர்க் நேர்மாறாகச் செய்தார். ஒரு கட்டடக் கலைஞரைக் கூப்பிட்டு, அந்தக் கிராமத்துக்கே கொஞ்சம் அதிகப்படியான ஒரு செங்கல் வீட்டைக் கட்டினார். வாசலில் இரண்டு சிங்கச் சிலைகள். ஊர் மக்கள் என்ன நினைத்தார்களோ, அந்த வீடு இன்றும் பில்லுண்டில் நிற்கிறது. லெகோ நிறுவனம் அதைத் தன் வரலாற்றின் ஒரு பகுதியாகப் பாதுகாக்கிறது.

வேலையும் போச்சு, மனைவியும் போனார்

1929-ல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி டென்மார்க் விவசாயிகளையும் வந்து அடித்தது. விளைபொருளுக்கு விலை இல்லை. விவசாயி கையில் காசு இல்லை என்றால் வீடு கட்டுவது யார்? தச்சருக்கு வேலை தருவது யார்? 1930களின் தொடக்கத்தில் ஓலே கிர்க் ஆட்களைக் குறைக்க வேண்டியதாயிற்று.

பெரிய வேலை இல்லாததால் சின்னப் பொருள்களுக்கு இறங்கினார். மர ஏணி, ஸ்டூல், இஸ்திரி போடும் பலகை. 1932-ல் அந்த வரிசையில் மரப் பொம்மைகளும் சேர்ந்தன. ஒரு வீட்டைக் கட்ட காசில்லாதவர்கூட தன் குழந்தைக்கு ஒரு சின்ன வண்டி வாங்கிக்கொடுப்பார் என்பதுதான் கணக்கு. நல்ல கணக்குதான், ஆனா லாபம் வரவில்லை. வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்கி விற்றார்.

அதே 1932-ல் ஹன்சினே இறந்துபோனார். வீட்டில் நான்கு பிள்ளைகள், மூத்தவனுக்கு 15 வயது, கடைசிப் பையனுக்கு 6. கடன் ஒரு பக்கம், துக்கம் ஒரு பக்கம். ஆழ்ந்த கடவுள் நம்பிக்கை உள்ள அவர், பொம்மை செய்வதை மட்டும் நிறுத்தவில்லை. நல்ல தச்சன் பொம்மை செய்வதா என்று சொந்தபந்தங்கள் முகம் சுளித்தது உண்டு. 1934-ல் சோஃபி என்ற பெண்ணை மறுமணம் செய்துகொண்டார். அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள்.

யோ-யோ சக்கரமான கதை

அந்தக் காலத்தில் யோ-யோ மோகம் ஒன்று வந்தது. பட்டறை ராத்திரி பகலாக யோ-யோ செய்து தள்ளியது. வந்த வேகத்திலேயே மோகம் போயும்விட்டது, மூட்டை மூட்டையாகச் சரக்கு தேங்கியது. ஓலே கிர்க் அதைத் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொன்றையும் பாதியாகப் பிளந்து பொம்மை லாரிக்குச் சக்கரமாக மாட்டினார்.

கம்பெனிக்கு ஒரு பெயர் வேண்டும் என்று 1930களின் நடுப்பகுதியில் ஊழியர்களிடையே போட்டி வைத்தார். பரிசு, அவர் வீட்டில் தயாரித்த ஒரு பாட்டில் ஒயின். கடைசியில் ஜெயித்தது அவரேதான். டேனிஷ் மொழியில் நன்றாக விளையாடு என்று பொருள்படும் லெக் கொட் என்ற இரண்டு சொற்களின் முன்பாதிகளை ஒட்டி லெகோ என்று வைத்தார். லத்தீனில் அந்தச் சொல்லை ஒன்றுசேர்க்கிறேன் என்றும் பொருள் கொள்ளலாம் என்பது பின்னால்தான் தெரியவந்தது.

மூன்றாவது பூச்சு ஏன் முக்கியம்?

லெகோவின் ஆரம்பகாலப் பொம்மைகளில் பிரபலமானது கயிறு கட்டி இழுக்கும் மர வாத்து. இழுத்தால் வாயைத் திறந்து மூடும். ஒவ்வொரு வாத்துக்கும் மூன்று முறை வார்னிஷ் அடிப்பது வழக்கம்.

பதின்ம வயதில் அப்பாவுடன் வேலை செய்துகொண்டிருந்த காட்ஃபிரட் ஒருமுறை இரண்டு பூச்சோடு நிறுத்திவிட்டு, பெட்டிகளை ரயில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டார். கம்பெனிக்குக் காசு மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் அப்பாவிடமும் சொன்னார். பாராட்டு கிடைக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போய் பெட்டிகளைத் திரும்ப எடுத்து வந்து, எல்லா வாத்துக்கும் மூன்றாவது பூச்சு அடித்து, மறுபடி பேக் செய்து அனுப்ப வேண்டும். ராத்திரி முழுக்க ஆனாலும் சரி, யார் உதவியும் இல்லாமல் தனியாகச் செய்ய வேண்டும். இதுதான் அப்பாவின் உத்தரவு.

மூன்றாவது பூச்சை வாங்குபவர் எண்ணிப் பார்க்கப்போவதில்லை. அடிக்காமல் விட்டால் கொஞ்ச நாளில் பெயின்ட் மங்கும், அவ்வளவுதான். ஆனா செய்பவருக்குத் தெரியுமே என்பது ஓலே கிர்க்கின் கட்சி. அந்த ராத்திரியைத் தரம் பற்றிய தன் முதல் பாடமாகக் காட்ஃபிரட் பின்னாளில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவின் அந்தக் கறாரை ஒரு வாசகமாக மரப்பலகையில் செதுக்கிப் பட்டறையில் மாட்டியவரும் அவர்தான்.

இரண்டாவது தீ: 1942

இரண்டாம் உலகப்போர். 1940 ஏப்ரல் முதல் டென்மார்க் ஜெர்மனியின் பிடியில் இருந்தது. இறக்குமதி நின்றதால் உள்ளூர்ப் பொம்மைக்குக் கிராக்கி கூடியது. ஒருவழியாக நிமிர்ந்த நேரத்தில், 1942 மார்ச்சில் ஒரு ராத்திரி தொழிற்சாலை மறுபடியும் எரிந்தது. இயந்திரம், இருப்பு எல்லாவற்றோடும் பத்து வருடமாக வரைந்து வைத்திருந்த பொம்மை வரைபடங்களும் மாதிரிகளும் சாம்பலாயின.

அப்போது அவருக்கு 50 வயது. எல்லாவற்றையும் மூடிவிடலாமா என்று யோசித்திருக்கிறார். தன்னை நம்பியிருந்த ஊழியர்களுக்காகத்தான் மறுபடி கட்டினார். இந்த முறை பட்டறை மாதிரி அல்ல, பொம்மைக்கென்றே வடிவமைத்த முறையான தொழிற்சாலை. அடுத்த வருடம் அங்கே சுமார் 40 பேர் வேலை பார்த்தார்கள்.

தச்சர் ஏன் பிளாஸ்டிக் பக்கம் போனார்?

போர் முடிந்ததும் நல்ல மரம் கிடைப்பது கஷ்டமானது. 1946-ல் கோபன்ஹேகனில் ஒரு பிரிட்டிஷ் இயந்திரத்தின் செயல்விளக்கம் நடந்தது. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்தினால், அச்சைத் திறக்கும்போது அசல் பிசகாமல் ஒரே மாதிரி பொருள் விழும். எத்தனை கைதேர்ந்த தச்சராலும் இரண்டு மரத்துண்டை அப்படி இழைக்க முடியாது என்பது ஓலே கிர்க்குக்கு உடனே புரிந்திருக்கும்.

விலை சுமார் 30,000 குரோனர். ஒரு கிராமத்துப் பொம்மைக் கம்பெனிக்கு அது பெரிய பணம். குடும்பத்தில் தயங்கினார்கள், இருந்தும் வாங்கினார். டென்மார்க் பொம்மைத் தொழிலில் அந்த மாதிரி இயந்திரத்தை ஆரம்பத்திலேயே வாங்கியவர்களில் அவர் ஒருவர்.

அந்தக் கட்டை அவர் கண்டுபிடிப்பா?

இல்லை. இதைச் சொல்லாமல் லெகோ கதையை முடிக்க முடியாது. ஒன்றின்மேல் ஒன்று மாட்டும் பிளாஸ்டிக் கட்டையை முதலில் செய்து விற்றவர்களில் முக்கியமானவர், கிட்டிகிராஃப்ட் நிறுவனத்தை நடத்திய ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்ற ஆங்கிலேயர். இயந்திரத்தோடு வந்த மாதிரிகளில் அவருடைய கட்டைகளும் இருந்தன. அதைப் பார்த்து, அளவுகளைக் கொஞ்சம் மாற்றி, ஓரங்களை நேராக்கி, 1949-ல் ஆட்டோமேட்டிக் பைண்டிங் பிரிக்ஸ் என்ற பெயரில் லெகோ வெளியிட்டது. பேஜ் 1957-ல் இறந்துபோனார். கிட்டிகிராஃப்ட் கட்டைகளுக்கான உரிமையை லெகோ வாங்கியது 1981-ல்தான்.

அந்த முதல் கட்டைகளும் பெரிதாக விற்கவில்லை. அடிப்பக்கம் வெறும் பொந்து. மேலே மாட்டினால் பிடிமானம் பத்தாது, சின்னப் பையன் கட்டிய கோபுரம் கை பட்டாலே உதிர்ந்துவிடும். வியாபாரத்தைக் காப்பாற்றியது மரப் பொம்மைகளும், 1950களின் தொடக்கத்தில் வந்த பிளாஸ்டிக் ஃபெர்குசன் டிராக்டர் பொம்மையும்தான்.

1950களில் ஓலே கிர்க்கின் உடல்நிலை தளர, பொறுப்பு மெல்ல காட்ஃபிரட் கைக்கு வந்தது. தனித்தனிப் பொம்மையாக விற்காமல், எந்தப் பெட்டியில் வாங்கினாலும் ஒன்றோடொன்று சேரும் ஒரே தொகுப்பாகக் கட்டைகளை மாற்றும் யோசனை அவருடையது. 1955-ல் அது கடைக்கு வந்தது. பிடிமானப் பிரச்சினை மட்டும் தீரவில்லை.

42 நாள் இடைவெளி

விடை 1958 ஜனவரியில் கிடைத்தது. பொந்தாக இருந்த அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் குழாய்களை வைத்தார்கள். கீழ்க் கட்டையின் குமிழ்கள், மேல் கட்டையின் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டன. இழுத்தால் கழன்று வரும், இழுக்காதவரை அசையாது. ஜனவரி 28-ம் தேதி பிற்பகல் 1.58 மணிக்குக் கோபன்ஹேகனில் காப்புரிமை விண்ணப்பம் பதிவானது.

சரியாக 42 நாள் கழித்து, மார்ச் 11 அன்று ஓலே கிர்க் மாரடைப்பால் இறந்தார். வயது 66. தன் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோகப்போகும் அந்தக் கட்டை விற்பனையில் ஜெயித்ததை அவர் பார்க்கவே இல்லை.

மூன்றாவது தீயில் என்ன ஆச்சு?

1960-ல் பில்லுண்டில் மறுபடியும் தீ. இந்த முறை எரிந்தது மரப் பொம்மைக் கிடங்கு. இரண்டு முறையும் மறுபடி கட்டிய குடும்பம், மூன்றாவது முறை கட்டவில்லை. மரப் பொம்மைகளை அதோடு நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் மட்டும் போதும் என்று காட்ஃபிரட் முடிவெடுத்தார். உடன்படாத சகோதரர்கள் கம்பெனியை விட்டு வெளியேறினார்கள். ஓலே கிர்க் மூன்று பூச்சு அடித்துக் காப்பாற்றிய அந்த வாத்து, அவர் போன இரண்டே வருடத்தில் நின்றுபோனது.

ஆனா அந்தக் கறார் நிற்கவில்லை. 1958-ல் வார்த்த ஒரு கட்டை இன்று கடையில் வாங்கும் கட்டையோடு இன்றும் மாட்டும். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டை ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 விதமாக இணைக்கலாம். அளவில் முடியளவு பிசகினாலும் இந்தக் கணக்கு காகிதத்தில்தான் இருக்கும், கையில் நிற்காது. யாரும் எண்ணிப் பார்க்காத அந்த மூன்றாவது பூச்சு, இப்போது யாரும் அளந்து பார்க்காத அந்தத் துல்லியத்தில் இருக்கிறது.

குடும்பத்தின் முதலீட்டு நிறுவனத்துக்குக் கிர்க்பி என்று பெயர். கிர்க்கும் பில்லுண்டும் சேர்ந்த சொல். 2022 ஏப்ரலில் அந்த நிறுவனம் எபிக் கேம்ஸில் 100 கோடி டாலர் முதலீடு செய்தது. அந்தக் கூட்டணியில் இருந்துதான் லெகோ ஃபோர்ட்நைட் வந்தது. திரையில் உள்ள கட்டையில் பிளாஸ்டிக்கும் இல்லை, குமிழைப் பிடிக்கும் குழாயும் இல்லை. இருந்தாலும் அதை விளையாடும் குழந்தை முதலில் தேடிப்போவது மரத்தைத்தான். ஒரு வேலை மேசை செய்து, அதன் பிறகுதான் மற்ற வேலைகள். பில்லுண்ட் பட்டறையிலும் 1916-ல் வேலை அப்படித்தான் ஆரம்பித்தது.